கடல்வழி வந்த சொற்கள்



நம் ஜமாஅத் நூலகத்திற்கு இவ்வாண்டு அலமாரி ஒன்று அன்பளிப்பாக வந்தது. நம் முன்னோரும் நம் காலத்தவரும் தமிழில் எழுதிய நூல்களைத் தேடித் தொகுத்து அதில் அடுக்கும் பணி மலர்க்குழுவினராகிய நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நூல்களைச் சேர்ப்பது எளிதாகவே இருந்தது. அலமாரியின் நெற்றியில் எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் இடறினோம். ‘இஸ்லாமிய இலக்கியம்’ என்று எழுத வேண்டும் என்றனர் சிலர். ‘தமிழ் இலக்கியம்’ என்றே எழுத வேண்டும், தனித்து வைப்பது நம்மை நாமே ஒதுக்கிக்கொள்வதாகும் என்றனர் வேறு சிலர். நூல்களுக்கு அட்டை போட உதவிய பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர், “மாமா, இவங்கெல்லாம் எழுதும்போது தங்களை என்னவா நினைச்சுக்கிட்டு எழுதினாங்க?” என்று கேட்டார். அங்கிருந்த எவரிடமும் உடனடி விடை இல்லை. அவ்வினாவைப் பற்றிக்கொண்டு நூல்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

விடையைத் தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் சதுரங்கப்பட்டினம். வடக்கே திரும்பினால் மாமல்லபுரம், அதற்கப்பால் கோவளம். இக்கரையில் வந்திறங்காத மொழி குறைவு. சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் வெண்ணிறப் பிடரிமயிர்க் குதிரைகளும் வடதிசைப் பொருள்களும் நாவாய்களில் வந்திறங்கியதைக் கூறுகின்றது. இரவில் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கேற்றியதையும் அது பாடுகின்றது. அத்துறை இன்றைய மாமல்லபுரமே என ஆய்வாளர் சிலர் கருதுவர். மேற்றிசையிலிருந்து கடல்கடந்து வந்தவர்களை நம் முன்னோர் முதலில் யவனர் என்றனர். பின்னர் சோனகர் என்றனர். நிகண்டு நூல்கள் இவ்விரு சொற்களையும் ஒருபொருட் சொற்களாகவே வைத்துள்ளன.

கோவளத்தில் அடங்கியுள்ள தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் நபித்தோழர் என்பதும், அவர்தம் உடல் பேழையில் மிதந்து இக்கரை சேர்ந்தது என்பதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் நம்பிக்கை. அது வரலாற்று ஆய்வின் வரம்புக்குள் அடங்குவதன்று. எனினும், நம் கரையின் தொடக்கத்தைக் கடல்வழி வந்த ஒருவரோடு இணைத்துப் பேசுவதையே நம் மக்கள் விரும்பினர் என்பது அதனால் தெளிவாகின்றது. கோவளம் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் காலத்தில் அவர் பெயராலேயே ‘சஆதத் பந்தர்’ எனப்பட்டது. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். இன்றைய பெல்ஜியம் நாட்டின் ஆஸ்டெண்டு நகர வணிகக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பண்டகசாலை வைத்திருந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் 1752-இல் கிளைவ் கைப்பற்றினார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும், எழுத்தும் ஓவியமும் செதுக்கிய அவர்தம் கல்லறைகளும் இன்றும் உள்ளன. அவர்களை அங்கே இழுத்தது அவ்வூர் நெசவாளரின் மஸ்லின் துணி. மஸ்லின் என்னும் பெயரோ ஈராக்கின் மோசுல் நகரத்திலிருந்து வந்தது.

1763-இல் நவாப் முஹம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ஆங்கிலேயர் ஆவணங்களில் நம் மாவட்டம் நெடுங்காலம் ‘ஜாகீர்’ என்றே குறிக்கப்பட்டது. தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி, வசூல், பாக்கி, வக்கீல், ஆஜர் முதலியன அரபு, பாரசீகம், உருது வழிவந்த சொற்கள் என்று எந்த உழவரும் இன்று எண்ணுவதில்லை.

நம் மஹல்லாக்களுக்குள்ளேயே இரண்டு மொழிகள் உண்டு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட லெப்பை, மரைக்காயர், இராவுத்தர் குடும்பங்களில் ‘தொழுகை’, ‘நோன்பு’, ‘பெருநாள்’, ‘பள்ளிவாசல்’ என்கிறோம். அடுத்த தெருவில் தக்னி உருது பேசும் வீட்டில் ‘நமாஜ்’, ‘ரோஜா’, ‘ஈத்’, ‘மஸ்ஜித்’ என்கிறார்கள். மார்க்கத்தின் மிக முதன்மையான கடமைகளுக்குத் தனித்தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டவர்கள் தமிழ் முஸ்லிம்களே என்பது பலரும் கவனிக்காத செய்தி.

நம்மில் மிகப் பெரும்பாலோர் இம்மண்ணின் குடிகள். அரபு வணிகரோடு மணவுறவு கொண்டோரின் வழியினர் சிலர். தக்காணத்திலிருந்து படையோடும் நிர்வாகத்தோடும் வந்தோரின் வழியினர் சிலர். சில குடும்பங்கள் தம் கொடிவழியை அரபு நாட்டோடு இணைத்துப் பேசுவதிற் பேரார்வம் காட்டுகின்றன. அவ்வழியிற் குறுக்கிட்ட தமிழ்ப் பாட்டிமார்களின் பெயர்களை நினைவிற் கொள்வதில் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. எழுத்தாளர்கள் இதற்கு மாறானவர்கள். அவர்கள் பாட்டியையும் மறவாதவர்கள் என்பதை இனிக் காண்போம்.

பழைய புலவர்களைப் பற்றி நம் மலர்களிற் பலமுறை எழுதப்பட்டுள்ளதால் விரிவு தேவையில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த அரபு நாட்டை வருணிக்கும்போது, மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் நாற்று நடும் நாடாகவே வருணிக்கின்றார். பாலைவனம் அவர் அறியாததன்று. தம் செவிக்குப் பழகிய காப்பிய மரபில் நின்று தம் உள்ளத்திற்கு உகந்த வரலாற்றைச் சொன்னார். கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழ் அதுவரை அறியாத நூல்வகைகளும் இவ்வாறே தமிழுக்கு வந்தன.

அரபுத்தமிழ் பற்றி மட்டும் ஒரு சொல். அரபு எழுத்திலுள்ள ஒலிகள் தமிழுக்குப் போதாமையால் சில எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டித் தமிழை அரபு வரிவடிவில் எழுதினர். கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை எனப் பரவிய இம்முறையில் கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) என்னும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் ‘மஙானீ’ முதலிய நூல்களை எழுதினார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்திற் சேர்ந்திருந்த பழவேற்காடும் அரபுத்தமிழ் அறிந்தோர் வாழ்ந்த ஊரே. தமிழ் எழுத்தறியாத பெண்கள் பலர் ஓதப் பழகிய எழுத்தின் வழியே தமிழைப் படித்தனர்.

அப்பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட கைலியை மலாய் மக்கள் ‘காயின் பெலேக்கட்’ என்கின்றனர். ஊரின் பெயரே துணியின் பெயராயிற்று. துணி சென்ற வழியே மனிதரும் சென்றனர்.

அவ்வழியே சென்ற ஒரு குடும்பத்தின் வரலாறு நம் வினாவிற்கு நேர் விடையாக அமைகின்றது. மலாக்காவில் 1796-இல் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் அவர்களை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்பர். அவர்தம் முப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபி. மார்க்கமும் மொழியும் கற்பித்தவர். அவர் நாகூருக்கு வந்து, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே மறைந்தார். அவர் மக்களுள் ஒருவர் மலாக்காவிற்குச் சென்று மீரா லெப்பை என்பாரின் மகளாகிய பேரி ஆச்சியை மணந்தார். அவ்விருவரின் பேரரே அப்துல்லாஹ். தம் தன்வரலாறாகிய ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’ நூலில் (1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சேறியது) ஏமன் பெரியாரின் பெயரோடு இந்த ஆச்சியின் பெயரையும் அவர் பதிவு செய்துள்ளார்.

அப்துல்லாஹ்வின் தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். அக்கால மலாக்காவில் வணிகக் கணக்கு தமிழில் நடந்தமையே காரணம். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஓதிக்கொடுத்து அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றார். ‘முன்ஷி’ என்னும் பட்டத்தை அளித்தவர்களும் அச்சிப்பாய்களே. பின்னர் ராஃபிள்ஸ் துரையிடம் எழுத்தராகவும், ஆங்கிலேயருக்கும் பாதிரிமாருக்கும் மலாய் ஆசிரியராகவும் விளங்கினார். 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்குப் பெயர்த்தார். 1854-இல் ஹஜ்ஜுக்குச் சென்ற பயணத்தில் மறைந்தார்.

அவரை நேரில் அறிந்த தாம்சன் என்னும் ஆங்கிலேய நிலஅளவையாளர், தோற்றத்திலும் உடையிலும் அவர் தென்னாட்டுத் தமிழர், பெருமிதத்தில் அரபி, மொழியிலும் பற்றிலும் மட்டுமே மலாய்க்காரர் என்ற கருத்துப்பட எழுதியுள்ளார். தாம்சன் இதை வியப்பாகச் சொன்னார். நமக்கு இதில் வியப்பில்லை. நம் தெருக்களில் இத்தகையோரை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அப்துல்லாஹ் மலாய் அரசர்களின் குறைகளை ஒளிக்காமல் எழுதியதையும், அதனாலேயே ‘இவர் மலாய்க்காரரே அல்லர்’ என்று பிற்காலத்தில் சிலர் அவரை ஒதுக்க முற்பட்டதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். புகழும்போது ‘நம்மவர்’, குறை சொன்னால் ‘வந்தவர்’. வந்தேறிய குடியின் எழுத்தாளர் எந்நாட்டிலும் இத்தராசில் நிறுக்கப்படுகின்றார்.

1872-இல் சிங்கப்பூரில் அச்சான நாகூர் முஹம்மது அப்துல் காதிர் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ அங்கே வெளியான தொடக்ககாலத் தமிழ் நூல்களுள் ஒன்று. 1887-இல் மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார்கள். இலங்கையில் 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்திய கண்டி சித்திலெப்பை அவர்கள் 1885-இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை எழுதினார்கள். கதைத்தலைவன் எகிப்தியன்; கதையோ தமிழ். தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்திலேயே அது கெய்ரோ வரை சென்று வந்துவிட்டது எனலாம்.

இனி நம் காலத்திற்கு வருவோம்.

மர்ஹூம் கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் 1937-இல் மதுரையிற் பிறந்தார்கள். தந்தையார் சையத் அஹ்மத் ‘மஹி’ என்னும் பெயரில் எழுதிய உருதுக் கவிஞர். பாட்டனாரும் உருதுக் கவிஞரே. வைகைக் கரையில், வீட்டில் உருதுக் கவிதையும் வெளியே தமிழுமாக வளர்ந்தவர் தமிழை முறையாகக் கற்று, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். ‘புதுக்கவிதையில் குறியீடு’ அவர்தம் ஆய்வுப்பொருள். 1974-இல் ‘பால்வீதி’ வெளிவந்தது. ‘ஆலாபனை’ நூலுக்கு 1999-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2009 முதல் 2011 வரை தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராக இருந்தமையால் நம் ஜமாஅத்தார் பலர் அவரை அப்பொறுப்பின் வழியே அறிவர். அவரைக் கவிதையின் வழியே அறிவதே முறை.

உருது கஸலில் இரண்டிரண்டு அடிகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஓர் இணையடியின் பொருள் அடுத்ததில் தொடர வேண்டியதில்லை. காதலியை விளித்துப் பாடுவதுபோல் இருக்கும்; கேட்பவர் தரத்திற்கேற்ப அவ்விளி மனிதரையும் குறிக்கும், இறைவனையும் குறிக்கும். இவ்வடிவத்தைத் தமிழிற் பரப்ப முனைந்தபோது கவிக்கோ அவர்கள் அதன் யாப்பை அப்படியே பெயர்த்து நடவில்லை. அதன் உயிரை எடுத்துக்கொண்டார்கள். அடைய முடியாத ஒன்றை நோக்கிய ஏக்கமும், சுருங்கிய சொல்லும், எதிர்பாராத திருப்பமும் அவர்தம் தமிழ்க் கவிதையில் வந்து படிந்தன. நம்மாழ்வாரும் மாணிக்கவாசகரும் பாடிய மொழியில் இறைவனைக் காதலனாக விளிப்பது புதியதன்று; ஆகவே அந்த உருது விருந்தாளி இவ்வீட்டில் அந்நியமாக உணரவில்லை.

இவ்விடத்தில் நம் கருத்தொன்றைச் சொல்லத் துணிகிறோம். உருது பேசும் நம் சகோதரர்களிற் சிலர், தம் பிள்ளைகள் தமிழில் எழுதினால் உருது அழிந்துவிடும் என்று அஞ்சுகின்றனர். தமிழ் பேசும் சகோதரர்களிற் சிலர், உருது பேசுவோரை முழுத் தமிழராக ஏற்கத் தயங்குகின்றனர். இரு சாராருக்கும் கவிக்கோவின் நூல்கள் இடையூறாக நிற்கின்றன. பாட்டனாரின் மொழி அவரிடம் அழியவில்லை. வேறு மொழிக்குள் புகுந்து வேலை செய்தது.

தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் வழி வேறு. 1944-இல் தேங்காய்ப்பட்டினத்திற் பிறந்தார். அவ்வூர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. பள்ளியில் மலையாளம் படித்தவர். பேசியது தமிழ், எழுதத் தெரிந்தது மலையாள எழுத்து. ஆகவே தம் தமிழை மலையாள எழுத்தில் எழுதிப் பிறரைக்கொண்டு தமிழ் எழுத்திற்கு மாற்றச் செய்தார். அரபுத்தமிழைப் பற்றி மேலே சொன்னோம். ஒருவகையில் தோப்பிலாரும் அம்மரபின் கடைசிக் கண்ணி எனலாம்.

முதல் நாவல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. ‘துறைமுகம்’, ‘கூனன் தோப்பு’ ஆகியன தொடர்ந்தன. ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நெல்லையில் வத்தல் வணிகம் செய்துகொண்டே இவற்றை எழுதினார். 2019-இல் மறைந்தார். அவர் எழுதிய தமிழில் அரபுச் சொல்லும் மலையாளச் சொல்லும் மீனவர் சொல்லும் கலந்து கிடக்கும். தமிழ் வாசகருக்காகத் தமிழ் நாவலின் இறுதியில் சொற்பொருள் பட்டியல் தர வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொன்னோரும் உண்டு. ஆனால் அச்சொற்களை நீக்கிவிட்டால் அக்கடலோர மக்களுக்கு வாயே இல்லாமற் போகும்.

2008-இல் வெளியான அவர்தம் நாவலின் பெயர் ‘அஞ்சுவண்ணம் தெரு’. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த யூத, கிறித்தவ, முஸ்லிம் வணிகரின் குழுப்பெயர். கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே அச்சொல் உள்ளது. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் வருகின்றது. ஆயிரம் ஆண்டுகள் கடந்து ஒரு நாவலின் அட்டையில் அது மீண்டும் ஏறியது. அடக்குமுறை செய்யும் ஊர் முதலாளிகளையும், கல்வியைத் தடுத்த மூடநம்பிக்கைகளையும் தோப்பிலார் கடுமையாகச் சாடினார். ‘வீட்டுக் குறையை வெளியில் சொல்லலாமா?’ என்ற முணுமுணுப்பு நம்மிடையே எழாமல் இல்லை. அதே முணுமுணுப்பு துவரங்குறிச்சியிலிருந்து எழுதிய சல்மா அவர்களைப் பற்றி உரத்த குரலாகவே எழுந்தது. பள்ளிப் படிப்பு இளமையிலேயே நிறுத்தப்பட்ட அவர் புனைபெயரில் மறைந்து எழுதினார். அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) நம் வீட்டுப் பெண்கள் தமக்குள் பேசும் தமிழை முதன்முதலாக அச்சிற் கொணர்ந்த நாவல்களுள் ஒன்று. அந்நூலை அலமாரியில் வைக்க வேண்டும் என்று முதலில் எழுதியனுப்பியவர்கள் நம் மஹல்லாப் பெண்களே என்பதையும் பதிவு செய்கிறோம்.

கடல்கடந்து வாழ்வோரையும் ஒதுக்குவதற்கில்லை. கடையநல்லூரில் 1940-இல் பிறந்து 1951-இல் சிங்கப்பூர் சென்ற கவிஞர் க.து.மு. இக்பால் அவர்களுக்கு அந்நாடு 2014-இல் கலாசாரப் பதக்கம் அளித்தது. ஆனந்த விகடனிற் பணியாற்றிய ஜே.எம். சாலி அவர்கள் சிங்கப்பூர் சென்று அங்கே இதழாளராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தார்கள். உலக அளவில் நோக்கினால், 2021-இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னா அவர்கள் ஸான்ஸிபார் தீவிற் பிறந்து, 1960-களின் இறுதியில் அகதியாக இங்கிலாந்து சென்று, ஆங்கிலத்தில் எழுதுபவர். அரபியரும் இந்திய வணிகரும் ஆப்பிரிக்கரும் கலந்த கடற்கரையே அவர் கதைகளின் களம். சஆதத் பந்தரை அறிந்த நமக்கு அக்களம் புதிதாகத் தோன்றாது.

இதுவரை சொன்னவர்களின் நூல்களை அடுக்குவதில் நம் குழுவிற் கருத்து வேறுபாடு பெரிதாக எழவில்லை. எழுந்தது ஒருவரைப் பற்றி. அவர் நம் மாவட்டத்திலேயே வாழ்ந்தவர்.

கவிஞர் இன்குலாப் 1944-இல் கீழக்கரையிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாகுல் ஹமீது. நாகூரில் அடங்கியுள்ள பெரியாரின் பெயர் அது. வடநாட்டு மாணிக்கப்பூரிலிருந்து வந்து நாகூரிற் தங்கியவர் அப்பெரியார். நம் கடற்கரையில் அப்பெயர் இல்லாத தெரு இராது. மீரான் என்பதும் அவரைக் குறிப்பதே. தோப்பிலாரின் பெயரில் அதைக் காண்கிறோம். இன்குலாப் அப்பெயரை எழுத்தில் விட்டார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பெயரும் அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல்லே. ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்னும் முழக்கத்தை நாட்டிற்கு அளித்த ஹஸ்ரத் மோஹானி அவர்கள் மவ்லானா, உருது கஸல் கவிஞர், பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடி ஆகிய மூன்றும் ஆவார். மரபை விட்டு வெளியேற ஒருவர் திறந்த கதவும் மரபின் தச்சர் செய்ததாகவே இருந்தது.

மதுரை தியாகராசர் கல்லூரியிற் பயின்ற இன்குலாப், சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். அக்கல்லூரியிற் பயின்ற நம் ஜமாஅத்தார் அவர் வகுப்பை நினைவு கூர்வர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் அவர் கவிதை ஒடுக்கப்பட்டோர் பக்கமே நின்றது. ‘மனுசங்கடா’ பாடலை அவர் பெயர் அறியாதோரும் அறிவர். ‘ஔவை’, ‘மணிமேகலை’ முதலிய நாடகங்களை எழுதினார். ஈழத் தமிழர் துயரத்தை முன்னிட்டுத் தமக்களிக்கப்பட்ட கலைமாமணி விருதைத் திருப்பித் தந்தார். அவர் மறைவிற்குப் பின் 2017-இல் ‘காந்தள் நாட்கள்’ நூலுக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பத்தினர் ஏற்கவில்லை.

இறுதிக் காலத்தில் ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தார். அவ்வூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது நம்மோடு வந்தது. 2016 டிசம்பர் முதல் நாளன்று அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

அவர் மார்க்க நம்பிக்கையிலிருந்து விலகிய மார்க்சியர். அதை அவர் மறைத்ததில்லை. உடலை நல்லடக்கம் செய்யாது அளித்தமை பற்றி ஆலிம்கள் சொல்ல வேண்டியதைச் சொல்வர். அது இக்கட்டுரையின் பொருளன்று. நம் முன் இருந்தது சிறிய, ஆனால் கூரிய வினா. நூற்பட்டியலில் மறைந்தோர் பெயருக்கு முன் ‘மர்ஹூம்’ என்று எழுதி வந்தோம். இவர் பெயருக்கு முன் எழுதலாமா? எழுதக்கூடாது, அவரே விரும்பியிருக்க மாட்டார் என்றார் ஒருவர். இறையருளை வேண்டும் சொல்லை எழுதாமல் விடும் உரிமை நமக்கு உண்டா என்றார் மற்றொருவர். புதுக்கல்லூரியில் அவரிடம் பயின்ற மூத்த உறுப்பினர் ஒருவர், “அவர் நம்மை விட்டுப் போனாரா, நாம் அவரை விட்டுப் போனோமா என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை” என்று சொல்லி அமைதியானார். அவர் ஐந்து வேளையும் பள்ளியில் முன்வரிசையில் தொழுபவர்.

அந்த மாணவரின் வினாவிற்கு, இத்தனை நூல்களையும் புரட்டிய பின் நாம் சொல்லக்கூடியது இதுவே. இவர்களில் எவரும் தம்மை ஒரே பெயரில் அடக்கி எழுதவில்லை. அப்துல்லாஹ் தம் தமிழை மலாய்க்குக் கொடுத்தார். கவிக்கோ பாட்டனாரின் உருதுவைத் தமிழுக்குக் கொடுத்தார். தோப்பிலார் தெருவின் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. இன்குலாப் விலகிச் சென்ற பின்னும், ஒடுக்கப்பட்டவன் தோளில் கை போட்டு நிற்கும் இடத்தில் கீழக்கரைப் பள்ளிவாசல் வரிசை நமக்கு நினைவிற்கு வருகின்றது. இந்த ஒப்பீடு எங்களுடையது. அவர் ஏற்பாரா என்பது வேறு.

இன்குலாபின் கவிதைத் தொகுதி இப்போது அலமாரியில் உள்ளது. பட்டியலில் அவர் பெயருக்கு முன் பென்சிலால் இட்ட ஒரு கோடு மட்டும் இருக்கின்றது. பொதுக்குழு முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். பெயர்ப்பலகை எழுதுபவர் இருமுறை வந்து, “என்ன எழுதணும் பாய்?” என்று கேட்டுத் திரும்பிச் சென்றார்.

மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் மூதாட்டி ஒருவர் துணியிற் சுற்றிய பழைய நூலொன்றைப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். அட்டை இல்லை, முதற்பக்கங்களும் இல்லை. அரபு எழுத்தாக இருந்தமையால் மதரஸா அலமாரிக்கு அனுப்பினோம். மறுநாள் ஹஜ்ரத் அவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள்; எழுத்துதான் அரபு, உள்ளே இருப்பது முழுக்கத் தமிழ், உங்கள் அலமாரிக்கு உரியது என்று சீட்டெழுதி வைத்திருந்தார்கள். நூல் இப்போதைக்கு மேசையின் மேல் இருக்கின்றது. அசர் தொழுகைக்குப் பின் அந்த மூதாட்டியின் பேரன் வந்து, ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டு வந்த எழுத்துகளை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறான்.